இரும்பண்ணன் தண்ணீருக்கு அடியில் பேசிய ஆறு வாரம்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓர் இரும்பு மனிதனை என் மேஜைமேல் போட்டு, "இவனைத் தமிழ் பேச வையுங்கோ பார்ப்போம்" என்றார் சம்பத் சார்.

சம்பத் சார் ஸ்ரீரங்கத்தில், கீழ அடையவளஞ்சான் தெருவில் அச்சகம் வைத்திருந்தார். பஞ்சாங்கம், தோத்திரப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை இவைதான் அங்கே அப்பா காலத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தவை. அறுபதுகளின் நடுவில் அவருக்கு என்ன தோன்றியதோ, சிறுவர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகையும் ஆரம்பித்துவிட்டார். பத்திரிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சம்பத் சார் இப்போது இல்லை, பேரன்கள் இருக்கிறார்கள், எதற்கு வம்பு.

அந்தப் பத்திரிகையின் உயிர்நாடி லண்டனிலிருந்து வரும் ஒரு படக்கதை. வாரம் இரண்டு பக்கம். ஓர் என்ஜினீயர், அவர் செய்த ஓர் இரும்பு மனிதன், இவர்கள் இரண்டு பேரும் அணைக்கட்டு, சுரங்கம், எரிமலை என்று போய் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவார்கள். இரும்பு மனிதனுக்கு வாளி போலத் தலை, இரண்டு வட்டக் கண், முதுகில் ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்பான், அணைத்தால் அப்படியே நின்றுவிடுவான். அதிகம் பேச மாட்டான். "சரி", "விலகுங்கள்", "தூக்குகிறேன்", அவ்வளவுதான். அவனுக்கு இரும்பண்ணன் என்று பெயர் வைத்தவர் எங்கள் மெஷின்மேன் காதர் பாய்.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. பெயர் பிலோமினா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷமே அம்மா படுக்கையில் விழுந்தார். பதினாலு வருஷம் பார்த்துக்கொண்டேன். அம்மா போனபோது கல்யாண வயதும் கூடவே போயிருந்தது. கையில் இருந்தது ஒன்றே ஒன்று, நல்ல கையெழுத்து. பாலக்கரையில் எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானச் சான்றிதழ்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். "கையெழுத்து அழகாக உள்ளவர் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்து, அந்தச் சான்றிதழ்களில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

சம்பத் சார் அதைத் தூக்கிப் பிடித்து, தள்ளிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"நீங்க கிறிஸ்டியனா?"

"ஆமா சார்."

மேஜைமேல் கிடந்த இரும்பு மனிதன் படத்தைக் காட்டினார். "இவனும் சீமையிலேர்ந்துதான் வரான். உக்காருங்கோ."

வேலை கிடைத்துவிட்டது. பாலக்கரையில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை எடுத்தேன். என் பெயருக்கென்று ஒரு சாவி வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் வந்தது.

2. இடம் போதாது

இப்போது கம்ப்யூட்டரில் எழுத்துப் போடும் பிள்ளைகளுக்கு அந்த வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். லண்டனிலிருந்து கெட்டியான தாளில் அச்சடித்த ஷீட்டுகள் கப்பலில் வரும். ஒரு பார்சலில் இரண்டு மாதத்துக்கான கதை. பேசுபவர் வாயிலிருந்து கிளம்பும் வட்டத்துக்குப் பலூன் என்று பெயர். பலூனுக்குள் இருக்கும் இங்கிலீஷை வெள்ளைப் பெயிண்டால் அழிக்க வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் இண்டியன் இங்க் தொட்டு மெல்லிய நிப்பால் தமிழ் எழுத வேண்டும். பிறகு ஷீட் பெரிய கடைவீதி பிளாக் மேக்கரிடம் போய்த் துத்தநாகத் தகடாகத் திரும்பி வரும். காதர் பாய் அதை மெஷினில் ஏற்றுவார்.

எல்லாம் சரி, தமிழுக்குத்தான் இடம் போதாது. வெள்ளைக்காரன் "ஹெல்ப்" என்று நாலு எழுத்தில் கத்திவிட்டுச் செத்துப்போவான். நம் ஆள் "காப்பாற்றுங்கள்" என்று கத்தி முடிப்பதற்குள் பலூன் வெடித்துவிடும். அதனால் வெட்டுவேன். முதலில் "ஓ", "வெல்" மாதிரி வார்த்தைகள் போகும். பிறகு "சீக்கிரம்", "அங்கே பார்" போகும். அதற்கும் இடம் பிடிக்காவிட்டால் பலூனையே பெரிதாக்கி, பக்கத்தில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் வெள்ளை பூசித் தின்றுவிடுவேன்.

சத்தங்கள் வேறு இருக்கும். படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் "க்ராஷ்", "பூம்" என்று எழுதியிருப்பார்கள். பெரிய சத்தங்களுக்குக் காதர் பாயைத்தான் கேட்பேன்.

"பாய், பாறை உருண்டு வண்டி மேல விழுது. என்ன போட?"

"எவ்ளோ பெரிய பாறைம்மா?"

"யானை அளவு."

"அப்ப தடால் பத்தாது. 'தடதடதடால்'னு போடுங்க."

சின்னச் சத்தங்களுக்கு யாரையும் கேட்பதில்லை. பொடி எழுத்தில் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். வெள்ளையைத் தொட்டு ஒரே இழுப்பு. படம் பளிச்சென்று ஆகிவிடும். சம்பத் சாரும் "நன்னா சுத்தமா இருக்கு" என்பார். எனக்கும் பெருமைதான். இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை

வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் இதை எதற்குச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி "சீரங்கம் ஒண்ணு" என்பேன். அதுதான் அன்றைக்கு நான் பேசும் முதல் பேச்சு. அச்சகத்தில் சம்பத் சாரிடம் பத்து வார்த்தை, காதர் பாயிடம் இருபது வார்த்தை. திரும்பும்போது "பாலக்கரை ஒண்ணு". அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. வீட்டுக்கார அம்மாவுக்குக் காது மந்தம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். வாசலில் சாமியார் "நல்லா இருக்கியாம்மா?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார், பாவம், பின்னால் நூறு பேர் நிற்பார்கள். அதோடு சரி. சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கித் திங்கட்கிழமை காலைவரை வாயைத் திறக்க வேலை இருக்காது. திங்கட்கிழமை பஸ்ஸில் "சீரங்கம் ஒண்ணு" என்று சொன்னால் தொண்டை கட்டி, கரகரவென்று வேறு யாரோ பேசுகிற மாதிரி வரும். கண்டக்டர் "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

விழுப்புரத்தில் அண்ணன் இருந்தார். ரயில்வேயில் குமாஸ்தா. மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவார். ஒவ்வொன்றிலும் அதே பாட்டு: "அண்ணிக்கு இது நாலாவது. நீ அங்கே தனியாக இருந்து என்ன சாதிக்கப் போகிறாய்? வேலை இருக்கும்வரை இரு. இல்லையென்றால் அடுத்த வண்டியில் வந்துவிடு." ஒருமுறை போய்ப் பத்து நாள் இருந்தேன். பிள்ளைகளின் துணியும் அடுப்பும் என் தலையில் வந்து விழுந்தன. கூடத்தில் பாயை விரித்துப் படுத்தால் என் தலைமாட்டைத் தாண்டிக்கொண்டு ஆறு பேர் நடந்தார்கள். ஒருவரும் என்னிடம் உட்கார்ந்து பேசவில்லை. தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆறு பேர் நடுவில் தனியாக இருப்பது அதைவிடக் கஷ்டம். வேலை போனால் சாவியும் போய்விடும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம்.

4. கப்பல் வரவில்லை

அறுபத்தேழாம் வருஷம் ஜூன் மாதம் சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். எங்கேயோ சண்டை, நமக்கென்ன என்று நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். சீமைக் கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், நம் பார்சலும் அதில்தான் இருக்கிறது என்பது ஜூலையில்தான் உறைத்தது. கையிருப்பு ஷீட் ஒன்றே ஒன்று.

அந்தக் கடைசி ஷீட்டில் இரும்பண்ணன் ஓர் அணைக்கட்டின்மேல் நின்று சண்டை போடுகிறான். கால் இடறுகிறது. தலைகீழாகப் போய், முதுகு பாறையில் மோதி, நீர்த்தேக்கத்துக்குள் விழுகிறான். கடைசிப் படத்தில் அடியில், சேற்றில், மல்லாந்து கிடக்கிறான். முதுகு மோதும் படத்தில் கரையில் நின்று என்ஜினீயர் கத்துகிறார். அவர் கத்தியதற்கு இடம் போதாமல் பாறைப் பக்கத்து மூலையை வெள்ளை பூசிப் பலூனை நீட்டினேன். "ஐயோ, இரும்பண்ணன் போய்விட்டானே!" என்று எழுதினேன். "அடுத்த வாரம்" என்று கீழே போட்டேன். அடுத்த வாரம் போட ஒன்றுமில்லை.

சம்பத் சார் என்னையும் காதர் பாயையும் கூப்பிட்டார்.

"அந்தக் கதை இல்லேன்னா புஸ்தகத்தை ஒருத்தனும் தொட மாட்டான். நிறுத்தி வெச்சுடலாம்னு பாக்கறேன். பார்சல் வந்தப்பறம் பெருமாள் விட்ட வழி."

"நிறுத்துனா திரும்ப எடுக்கறது கஷ்டம் சார்" என்றார் காதர் பாய். "நான் பஞ்சாங்கம் ஓட்டுவேன், எனக்கென்ன. இந்தம்மா என்ன செய்வாங்க?"

சம்பத் சார் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். எனக்கு விழுப்புரத்துக் கூடமும் அந்தப் பாயும் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாய் தானாகத் திறந்தது.

"ஒரு வாரம் நான் ஓட்டறேன் சார்."

"ஓட்டறதுன்னா?"

"அவன் தண்ணிக்குள்ள கெடக்கறான். அந்தப் படத்தோட பிளாக் நம்மகிட்ட இருக்கு. அதையே நாலஞ்சு தடவை அச்சடிச்சு வெட்டி ஒட்டறேன். அவன் அங்கேயே கெடக்கட்டும், எந்திரிக்க வேண்டாம். பேசட்டும்."

"அவா கதையில நாம கை வெக்கறதாயிடுமே?"

"ஒண்ணும் நடக்காது சார். லண்டன்காரங்க விட்ட எடத்துலயே வெச்சிருப்போம். அவங்க வந்து எடுத்துக்கட்டும்."

சம்பத் சார் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒரே ஒரு வாரம்" என்றார்.

5. ஆறு வாரம்

ஒரு வாரம் ஆறு வாரம் ஆனது.

எனக்குப் படம் போட வராது. எழுத்து மட்டும்தான். காதர் பாய் அடித்துக் கொடுத்த பிரதிகளை வெட்டி ஒட்டி, ரூலிங் பேனாவால் தண்ணீர்க் கோடு இழுத்து, சின்னச் சின்னக் குமிழி போட்டேன். ஒரு மீன் போட்டுப் பார்த்தேன், செருப்பு மாதிரி வந்தது. அதனால் அந்த நீர்த்தேக்கத்தில் மீனே கிடையாது. சேறு, தண்ணீர், அவன் மட்டும்.

பேச்சு எழுதுவதில் கஷ்டமே இருக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். மூன்று வருஷமாக மூன்று வார்த்தைக்குமேல் பேசாதவன் கொட்டித் தீர்த்தான். பலூனில் இடம் போதுமா என்று பார்ப்பதற்கு எழுதியதை வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். அந்த ஆறு வாரமும் அச்சகத்தில் நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"நான் இங்கே இருக்கிறேன். யாருக்காவது கேட்கிறதா?"

"மேலே வெளிச்சம் வருகிறது, போகிறது. படகு போகும் சத்தம் கேட்கிறது. நிற்பதில்லை."

"இன்றைக்குப் படகுச் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் நீளம்."

அது ஆடி மாதம். காவிரியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. பஸ் பாலத்தைத் தாண்டும்போது செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடும். இதற்கு அடியில் கிடந்தால் என்ன தெரியும், என்ன கேட்கும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். பதினெட்டாம் பெருக்கன்று பஸ் கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் சித்திரான்னத் தூக்கு. ஆற்றங்கரையில் அம்மா மண்டபத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் கண்டக்டரும் டிரைவரும் மட்டும் மிச்சம். அந்த வாரம் இரும்பண்ணன், "மேலே இன்றைக்கு நிறையக் கால்கள். எல்லாம் குடும்பத்தோடு வந்த கால்கள்" என்றான்.

காதர் பாய் ஒவ்வொரு வாரமும் மெஷினில் தாள் கொடுத்துக்கொண்டே படிப்பார்.

"என்னம்மா, அண்ணன் இன்னும் தண்ணிக்குள்ளதானா? துருப்புடிச்சிருமேம்மா."

"புடிக்குது பாய். மொழங்கைல ஆரம்பிச்சிருக்கு."

"அல்லாவே. கொஞ்சம் மண்ணெண்ண போடச் சொல்லுங்க யாரையாச்சும்."

"யாரு இருக்கா போட?"

அவர் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு டீ வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார்.

பத்திரிகை நிற்கவில்லை, அதுதான் வேடிக்கை. வாசகர் கடிதம் கூடியது. "அன்புள்ள இரும்பண்ணா, பயப்படாதே", "அன்புள்ள இரும்பண்ணா, எங்கள் மாமாவுக்கு நீச்சல் தெரியும்" என்று கார்டு கார்டாக வந்தது. அதில் ஒன்று பெரியவர் ஒருவருடையது. பச்சைமலையில் ஒரே ஒரு வாத்தியார் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவர்தான் அந்த வாத்தியார். வாரம் ஒருமுறை கீழே துறையூருக்கு இறங்கி வருபவர்கள் பத்திரிகையை வாங்கிப் போவார்களாம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவாராம். முத்து முத்தான எழுத்து. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இரும்பண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏன் ஆகாது? எனக்கும் ஆகாது. பிள்ளைகள் அன்றைக்கு வர மாட்டார்கள்."

அந்தக் கார்டை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் வெட்கம். பதில் போடத் தைரியமில்லை. ஐந்தாம் வாரம் இரும்பண்ணனைச் சொல்ல வைத்தேன்: "மேலே எங்கோ ஒருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆகாதாம். தெரிந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை."

6. பார்சல்

ஆகஸ்ட் கடைசியில் பார்சல் வந்தது. ஓரமெல்லாம் நசுங்கி, ஈரம் பட்டு, உலகத்தைச் சுற்றிவிட்டு வந்த களைப்பு அதிலேயே தெரிந்தது. சம்பத் சார் தானே பிரித்தார். நான் நிப்பைக் கழுவி, இங்க் ஊற்றித் தயாராக உட்கார்ந்தேன். சாவி தப்பித்தது என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

முதல் ஷீட்டைப் படித்தார். பிறகு என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"என்னம்மா இது?"

முதல் படத்தில் கிரேன் வைத்து இரும்பண்ணனைத் தூக்குகிறார்கள். இரண்டாவது படத்தில் என்ஜினீயர் அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவிட்சைப் போடுகிறார். மூன்றாவது படத்தில் கண் எரிகிறது. "எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்கிறான். "ஒரு மணி நேரம்" என்கிறார் என்ஜினீயர். "எனக்கு ஒன்றும் தெரியாது. பாறையில் மோதியபோதே சுவிட்ச் அணைந்துவிட்டது" என்கிறான். நாலாவது படத்தில் அடுத்த சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

லண்டனில் அவன் தண்ணீருக்குள் கிடந்தது ஒரு மணி நேரம். அதுவும் உணர்வே இல்லாமல். ஸ்ரீரங்கத்தில் ஆறு வாரம் பேசியிருக்கிறான்.

அலமாரியைத் திறந்து பழைய ஷீட்டை எடுத்தேன். முதுகு பாறையில் மோதும் அந்த மூலை, நான் பலூனை நீட்டிய இடம். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வெள்ளையை மெல்லத் துடைத்தேன். "ஐயோ, இரும்பண்ணன்" கரைந்து ஓடியது. அதன் அடியில், தோள்பட்டைக்குக் கீழே, எறும்பு மாதிரி ஐந்து இங்கிலீஷ் எழுத்து இருந்தது. "க்ளிக்." சுவிட்ச் அணைந்த சத்தம். சின்னச் சத்தம்தானே என்று ஒரே இழுப்பில் பூசிவிட்டிருந்தேன். படிக்கக்கூட இல்லை.

மறைத்துவிட்டிருக்கலாம். "லண்டன்காரங்க தப்பு சார்" என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் அந்த ஷீட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"தப்பு என்னோடதுதான் சார். நான் அழிச்சிட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். அந்த ஐந்து எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ இந்த ஆறு வாரமா பேசினது யாரும்மா?"

சாவியைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேனே தவிர, இதை யோசிக்கவே இல்லை. "நான்தான் சார்" என்றேன். சொன்னதுதான் தாமதம், அழுகை வந்துவிட்டது. அம்மா செத்ததற்குக்கூட நான் அப்படி அழுததில்லை. அங்கே நின்றுகொண்டு, முதலாளி முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். காதர் பாய் மெஷினை நிறுத்திவிட்டார். அச்சுக் கோக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

சம்பத் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். விசிறியை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இரும்புக்கு ஏது ஞாயித்துக்கெழமைன்னு நேக்கு அப்பவே தோணித்து. கேக்கலை. கேட்டிருக்கணும்."

7. பிழைதிருத்தம்

நான் ஒரு வழி சொன்னேன். சுவிட்ச் பேச்சை அழித்துவிட்டு, "எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்று எழுதிவிடலாம். ஒரு பலூன்தான், இடமும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

"அதெல்லாம் கூடாது" என்றார். "பஞ்சாங்கத்துல திதி தப்பாப் போச்சுன்னா என்னம்மா பண்றோம்?"

"பிழைதிருத்தம் போடுவோம் சார்."

"அதைப் பண்ணுங்கோ."

"பிள்ளைங்க கோவிச்சுக்கிட்டு வாங்கறத விட்டுட்டா?"

"விட்டா விடட்டும். நாள் தப்பாப் போட்டவன்னு பேர் வாங்கலாம். தெரிஞ்சு மறைச்சவன்னு வாங்கப்படாது."

அவருக்கென்ன, பஞ்சாங்கம் இருக்கிறது. எனக்கு? உள்ளுக்குள் கோபம் கோபமாக வந்தது. ஆனால் பேனாவை எடுத்தேன். "சென்ற ஆறு இதழ்களில் இரும்பண்ணன் தண்ணீருக்கு அடியில் பேசியதாக வந்தவை அவர் பேசியவை அல்ல. அவர் அப்போது அணைந்திருந்தார். இது அலுவலகத்தின் தவறு" என்று எழுதிக் காட்டினேன்.

சம்பத் சார் கடைசி வரியில் விரலை வைத்தார். "அலுவலகம் எங்கேம்மா பேசித்து? நீங்கன்னா பேசினேள்."

அழித்துவிட்டு, "பேசியது இங்கே எழுத்து எழுதும் பெண்" என்று எழுதினேன். அதுவே அச்சானது.

அடுத்த பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்கு, "வந்தாலும் வருவேன்" என்று ஒரு கடிதம்கூட எழுதிவைத்தேன், போடவில்லை. கார்டுகள் வந்தன. "ஏமாற்றுக்காரர்கள்." "நான் அழுதது வீணா?" "எங்கள் வீட்டில் இனி வாங்க மாட்டோம்." ஒவ்வொன்றையும் நான்தான் படித்தேன். யார்மேல் கோபித்துக்கொள்வது, எல்லாம் நியாயமான கோபம். கொஞ்சம் பேர் நிஜமாகவே விட்டார்கள். மிச்சப் பேர், இரும்பண்ணன் அடுத்த சண்டையில் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே, வாங்கினார்கள். பத்திரிகை நின்றுபோகவில்லை. நானும் போகவில்லை.

பச்சைமலைக் கார்டு எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. மலைக்குப் பத்திரிகை போவதே தாமதம், அங்கிருந்து கார்டு இறங்கி வருவது அதைவிடத் தாமதம். திட்டியிருப்பார் என்றே நினைத்தேன். ஐந்தாம் வாரம் அவருக்கென்று ஒரு பலூன் எழுதினேனே, அதையும் பொய்யென்று சொல்லிவிட்டேனே. மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு மத்தியானம்வரை தொடவில்லை. சாப்பிட்ட பிறகுதான் திருப்பினேன். அன்புள்ள என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. இரண்டே வரி.

"இரும்பண்ணனைத் தூக்கிவிட்டார்கள், சந்தோஷம். ஆறு வாரம் பேசியவரை வெளியே எடுத்தாகிவிட்டதா?"

இந்தத் தொழிலில் அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் இருந்தேன். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், கோடு இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன், அதெல்லாம் இன்றைக்கு எதற்கும் உதவாது. உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. எதையும் அழிப்பதற்கு முன்னால் படியுங்கள். பொடி எழுத்து, மூலையில் கிடக்கிறது, இடைஞ்சலாக இருக்கிறது என்று பூசிவிடாதீர்கள். கதையே அதில் இருக்கும்.

அந்தக் கார்டுக்குப் பதிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். பூசை முடிந்து வந்து, கதவைத் திறந்து வைத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைப் பழக்கப்படி வாய்விட்டு வாசித்தேன். இன்லண்ட் லெட்டரில் இடம் தாராளமாக இருந்ததால் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. எங்கள் அச்சகம், காதர் பாய் வைத்த இரும்பண்ணன் என்ற பெயர், செருப்பு மாதிரி வந்த மீன், காவிரியில் அந்த வருஷத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் அவர் கேட்டதற்கு, "இன்னும் இல்லை. மேலேயிருந்து கூப்பிட்டது கேட்டது" என்று முடித்தேன். இரண்டு மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன், சாயங்காலம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் "சீரங்கம் ஒண்ணு" என்றேன். தொண்டை கட்டியிருக்கவில்லை.